ஆறாம் கூண்டு

அந்தக் கல்லூரியில் அவளுக்கு வைத்திருந்த பெயர் வலையம்மா. முகத்துக்கு நேராக மேடம், முதுகுக்குப் பின்னால் வலையம்மா. அது அவளுக்கும் தெரியும். தாவரவியல் துறைக் கட்டடத்துக்குப் பின்னால், மதிலை ஒட்டி எட்டு வலைக்கூண்டுகளைக் கட்டி வைத்துக்கொண்டு, பதினான்கு வருஷமாக ஒருத்தி அதற்குள்ளேயே குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? கொசுவலை விற்கிறவள் என்று சொல்லாமல் விட்டார்களே, அதுவே பெரிய விஷயம்.

வயது ஐம்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களெல்லாம் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோய், இப்போது ஒருவரும் கேட்பதில்லை. அதற்கு அவள் நிம்மதி என்று பெயர் வைத்திருந்தாள். வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவள் உட்காருவாள். இன்னொன்றில் விதை உறைகள் அடுக்கிய அட்டைப்பெட்டி உட்கார்ந்திருக்கும். எப்போதாவது அழைப்புமணி அடித்தால் புடவையைச் சரிசெய்துகொண்டு போய்த் திறப்பாள். பக்கத்து வீட்டுக்கு வந்த பார்சலாக இருக்கும். வாங்கி வைத்துக்கொண்டு, அவர்கள் வந்ததும் கொடுப்பாள். "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு அவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

கூண்டுகளுக்குள் இருப்பது காணக் கிடைக்காத அபூர்வச் செடி ஒன்றும் இல்லை. சாலை ஓரத்தில் கேட்பாரற்று முளைக்கிற களை. முழங்கால் உயரம்கூட வராது. ஊதா நிறத்தில் சின்னப் பூ. அறிவியல் பெயர் நீட்டி முழக்கிக்கொண்டு ஒன்று உண்டு. அவள் கூப்பிடுவது என்னவோ பொடிச்சி என்றுதான். ஒரே வருஷத்தில் முளைத்து, பூத்து, விதைத்து, செத்தும் போய்விடும். ஆகவே பதினான்கு வருஷம் என்றால் பதினான்கு தலைமுறை. மனிதர்களை வைத்து இந்த ஆராய்ச்சியைச் செய்வதென்றால் முந்நூறு நானூறு வருஷம் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவு பொறுமை அவளுக்கே கிடையாது.

ஆராய்ச்சி இதுதான். முதல் நான்கு கூண்டுகளில் தேனீ வந்துபோக ஜன்னல் உண்டு. ஐந்திலிருந்து எட்டு வரை அடைத்த கூண்டு, ஈ எறும்பு நுழைய முடியாது. தேனீயே எட்டிப் பார்க்காத இடத்தில் ஒரு பூ தலைமுறை தலைமுறையாக என்ன ஆகும்? பூ சிறுத்துப்போகும். சிறுத்தது. பன்னிரண்டு மில்லிமீட்டர் அகலம் இருந்தது, பதினான்கு வருஷத்தில் ஏழுக்கு இறங்கிவிட்டது. தேன் வற்றியது. வாசனை போயிற்று. மகரந்தத்தை வாங்கிக்கொள்ள எவருக்காகவும் காத்திருக்காமல், தன் மகரந்தத்தைத் தானே பூசிக்கொண்டு தானே விதை கட்டப் பழகிக்கொண்டது. வகுப்பில் இதைச் சொல்லும்போது, "பூ ஒன்றும் முடிவெடுப்பதில்லை" என்று அவள் கறாராகச் சொல்லுவாள். "பெரிய பூவாகப் பூத்துக் காத்திருந்த செடிகள் விதையில்லாமல் போயின. தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்ட சின்னப் பூச்செடிகள் மிஞ்சின. இதில் சோகம் எதுவும் இல்லை, கணக்குதான் உண்டு." மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள்.

ஆனால் ஆறாம் கூண்டு வேறு மாதிரி. அதுவும் அடைத்த கூண்டுதான். முதல் ஏழு வருஷம் மற்றவற்றோடு சேர்ந்து சமர்த்தாகச் சிறுத்துக்கொண்டு வந்தது. ஒன்பதரைக்கு வந்ததும் நின்றது. பிறகு, சும்மா சொல்லக்கூடாது, மெல்ல மெல்லப் பெரிதாகவே ஆரம்பித்தது. பத்து, பத்தரை, பதினொன்று. போன வருஷம் பதினொன்றரை. யாரும் வராத இடத்தில், யார் பார்க்கிறார்கள் என்று கவலைப்படாமல் அகலமாக விரித்துக்கொண்டு நின்றது.

முதலில் அவள் தன் அளவு தப்பென்று நினைத்தாள். அளவுக் கருவியை மாற்றினாள். மூன்று வருஷம் அளந்து பார்த்து, பிறகுதான் நம்பினாள். அந்தச் செடிகளின் பரம்பரையில் ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது, தனிமையிலும் பூவைச் சிறுக்கவிடாத ஒன்று, என்று எழுதினாள். பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியையாவது மாற்ற வேண்டிய விஷயம். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு, அதை அவள் எந்தக் கட்டுரையிலும் எழுதவில்லை. அவளுக்கு அந்தப் பூவைப் பார்க்கும்போதெல்லாம் தன்னைப் பார்ப்பது போல இருந்தது. யாரும் வராவிட்டால் என்ன, நான் குறைந்துபோய்விடவில்லை என்று ஒரு பூ சொல்லுகிறது. வகுப்பில் கறாராகப் பேசுகிறவள் ஆறாம் கூண்டுக்குள் போனால் குழைந்துவிடுவாள். "என் தங்கமே" என்றெல்லாம் கொஞ்சுவாள். பைத்தியம் என்று சொன்னாலும் பரவாயில்லை, உள்ளதைத்தானே சொல்ல வேண்டும்.

கட்டுரையைப் பெரிய ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினாள். எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. மதிப்பீட்டாளர்கள் மூன்று பேர். இரண்டு பேர் வானளாவப் புகழ்ந்திருந்தார்கள். மூன்றாமவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். ஆறாம் கூண்டுப் பூக்களைத் தேடி எதுவுமே வரவில்லை என்பது நிச்சயமா? ஆதாரம் காட்டினால் வெளியிடலாம். மூன்று வாரம் அவகாசம்.

நிச்சயமா என்றா கேட்கிறாய், காட்டுகிறேன் பார், என்று அவள் அன்றைக்கே நான்கு அடைத்த கூண்டுகளிலிருந்தும் போன வருஷ விதைகளை எடுத்து மரபணுப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினாள். ஒவ்வொரு விதைக்கும் தாய்ச்செடி எது, தகப்பன்செடி எது என்று அங்கே சொல்லிவிடுவார்கள். இரண்டும் ஒரே செடி என்று வந்துவிட்டால் ஜெயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அக்கா போன் செய்தாள். அவளுக்கென்று இருக்கிற ஒரே ஆள் அக்காதான். வேறு ஊரில், பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் என்று கச்சேரியாக வாழ்கிறவள்.

"என்னடி, உயிரோட இருக்கியா?"

"இருக்கேன்கா."

"சாப்பிட்டியா?"

"ம்."

"என்ன சாப்பிட்டே?"

அவள் யோசித்தாள். "சாப்பிட்டேன்கா, என்னமோ."

"என்னமோவாம்! அந்தப் பூ எத்தனை மில்லிமீட்டர்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவே. மத்தியானம் என்ன சாப்பிட்டேன்னு கேட்டா முழிக்கிறே. இங்க பாரு, நானும் அத்தானும் பேசிக்கிட்டோம். நீ ரிட்டயர் ஆனதும் இங்கயே வந்துடு. மாடி ரூம் சும்மாதானே கிடக்கு."

"இந்தக் கட்டுரை மட்டும் வந்துடட்டும்கா. அப்புறம் நீ சொல்றதை எல்லாம் கேக்குறேன்."

"அது வந்தா என்னடி ஆகப்போகுது?"

"வந்தா போதும்கா. அவ்வளவுதான்."

பின்னணியில் ஏதோ ஒரு குழந்தை பாத்திரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. "இத்தனை வருஷம் ஒத்தையில கிடந்ததுக்கு அது ஒண்ணு போதுமாடி உனக்கு?" என்று கேட்டாள் அக்கா. குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"போதும்கா" என்றாள் இவள். போனை வைத்த பிறகு, அது போதுமானதாக இருந்தே தீர வேண்டும் என்று தோன்றியது. இல்லையென்றால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பத்தாம் நாள் பரிசோதனைக்கூடத்துக்காரர் போனில் வந்தார். கலகலப்பான மனிதர், தன் ஜோக்குக்குத் தானே முதலில் சிரிக்கிறவர்.

"மேடம், அஞ்சு, ஏழு, எட்டு மூணும் சுத்தம். அம்மாவும் அதே செடி, அப்பாவும் அதே செடி. நீங்க எழுதிக் கொடுத்த மாதிரியே."

"ஆறு?"

"அங்கதான் மேடம் ஒரே கூத்தா இருக்கு. பாதிக்கு மேல அப்பா வேற. அடுத்த செடி, அதுக்கடுத்த செடி, எதிர் வரிசைச் செடின்னு குடும்பத்துக்குள்ள பெரிய கலாட்டாவே நடந்திருக்கு!" சிரித்தார். இவள் சிரிக்காததைக் கவனித்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"வெளியில இருந்து வந்த மகரந்தமா?"

"இல்ல மேடம். எல்லாம் அந்தக் கூண்டுக்குள்ளயே. வெளியாள் யாரும் இல்லை."

ஒரு பூவின் மகரந்தம் தானாக நடந்து அடுத்த செடிக்குப் போகாது. ஏதோ ஒன்று கொண்டுபோயிருக்க வேண்டும். வலையில் ஓட்டை விழுந்து தேனீ நுழைந்திருந்தால் வெளி மகரந்தமும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். இதுவோ கூண்டுக்குள்ளேயே பிறந்து, கூண்டுக்குள்ளேயே வேலை பார்க்கிற ஏதோ ஒரு பூச்சியாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டு நாள் அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வலையை விரல் விரலாகத் தடவிப் பார்த்தாள். ஓட்டை இல்லை. மண்ணைக் கிளறினாள். இலைகளைத் திருப்பினாள். ஒரு வண்டு, ஒரு பேன்கூட அகப்படவில்லை. ஒவ்வொரு கூண்டுக்கும் இரட்டைக் கதவு, பூட்டு. அந்தப் பூட்டுக்கு இரண்டே சாவி. ஒன்று அவளிடம். இன்னொன்று காலையில் தண்ணீர் விடுகிற தோட்டக்காரரிடம்.

அப்போதுகூட அவளுக்கு உறைக்கவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தோட்டக்காரர் அவளுக்குத் தண்ணீர்க் குழாயோடு சேர்ந்த ஒரு பொருள். குழாய் மேல் யாராவது சந்தேகப்படுவார்களா? அவரும் அவளைப் போலவே ஐம்பதைத் தாண்டியவர், அவளுக்கு முன்பே அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். பதினான்கு வருஷமாகத் தினமும் பார்க்கிற மனிதரை அவள் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இங்க பாருங்க" என்பாள். "இங்க பாருங்க, மூணாவதுல தண்ணி கம்மியா விடுங்க." "சரிங்க மேடம்" என்பார். பேச்சுவார்த்தை அதோடு சரி.

மூன்றாம் நாள் விடிந்தும் விடியாததுமாக வந்து, ஆறாம் கூண்டைப் பார்க்கிற மாதிரி ஏழாம் கூண்டுக்குள் செடித் தட்டுகளுக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். பூ விரிகிற நேரத்தில்தான் பூச்சி வரும், வந்தால் பிடித்துவிடலாம் என்பது திட்டம். கால் மரத்துப்போயிற்று. ஆறரை மணிக்குத் தோட்டக்காரர் வந்தார். ஒன்று, இரண்டு என்று வரிசையாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே வந்தார். ஆறாம் கூண்டைத் திறந்தார். தண்ணீர் விட்டார். குழாயை மூடிக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு, பிள்ளைகள் படத்துக்கு வர்ணம் அடிக்கிற சின்னத் தூரிகை ஒன்றை எடுத்தார். குனிந்து, ஒரு பூவின் நடுவில் மெல்லத் தொட்டார். அடுத்த செடியின் பூவில் தொட்டார். மூன்றாவதில் தொட்டார். அவசரமே இல்லை, மனிதர் நிதானமாக வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்.

அவள் எப்படி எழுந்தாள், எப்படி அடுத்த கூண்டுக்குப் போனாள் என்பது அவளுக்கே நினைவில்லை.

"என்ன பண்றீங்க?"

அவர் திரும்பினார். கையும் களவுமாக மாட்டிக்கொண்ட முகம் இல்லை அது. சிரித்த முகம். "வாங்க மேடம். இன்னிக்கு சீக்கிரமே வந்துட்டீங்க. இந்த வருஷம் நல்லா பூத்திருக்கு, பாருங்க."

"கேக்குறேன்ல, என்ன பண்றீங்க?"

"மகரந்தம் வைக்கிறேன் மேடம்."

"எத்தனை நாளா?"

"ஏழு வருஷம் ஆச்சு."

"ஏழு வருஷம்!" அவள் குரல் கட்டடத்தில் மோதித் திரும்பி வந்தது. "ஏழு வருஷமா என் தலையில மண்ணை வாரிப் போட்டுக்கிட்டு இருக்கீங்களா? இதுக்கு எதுக்கு வலை கட்டியிருக்குன்னு நினைச்சீங்க? எதுக்குப் பூட்டு?"

"பசங்க பூவைப் பறிச்சிடுவாங்கன்னு..." என்றார் அவர். சிரிப்பு போய்விட்டது. "தப்பு பண்ணிட்டேனா மேடம்?"

"யாரைக் கேட்டுப் பண்ணீங்க? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நீங்க எதுவும் சொல்றதில்லையே மேடம். சொன்னாக் கேட்டுக்கலாம்னு இருந்தேன்."

அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. "சரி, ஏன் இந்தக் கூண்டு மட்டும்? மத்ததெல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு?"

அவர் தூரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். "சொல்லலாமான்னு தெரியலை" என்றார்.

"சொல்லுங்க."

"உங்க அம்மா தவறிப்போன வருஷம் மேடம். நாலாம் நாளே வேலைக்கு வந்துட்டீங்க. இந்தக் கூண்டுலதான் உட்கார்ந்திருந்தீங்க. 'நீங்களும் என்னை மாதிரிதான்டி, உங்களைத் தேடியும் யாரும் வரப்போறதில்லை'ன்னு இதுங்ககிட்ட சொல்லி அழுதீங்க. நான் வெளியில குழாயைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். உள்ள வந்து ஆறுதல் சொல்ற அளவுக்கு நான் யாரு? எங்க வீட்டுப் பூசணிக்கு நாங்க கையாலதான் மகரந்தம் வைப்போம். சரி, நம்மால ஆனது இதுதான்னு மறுநாள் என் பொண்ணோட பழைய பிரஷ்ஷை எடுத்துட்டு வந்தேன்." தூரிகையைச் சட்டைப் பையில் வைத்தார். "அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் கழிச்சு, இந்தக் கூண்டுலேர்ந்து சிரிச்சுக்கிட்டே வெளிய வந்தீங்க. நீங்க சிரிச்சு அப்பத்தான் பார்த்தேன். அதனால விட மனசு வரலை."

அவள் கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வந்தது, கோபமும் வந்தது, இரண்டுக்கும் நடுவில், பதினான்கு வருஷப் பழக்கம் சும்மா விடுமா, ஒரு கேள்வியும் வந்தது.

"எல்லாப் பூவுக்கும் வைப்பீங்களா?"

"கண்ணுக்குத் தெரிஞ்சதுக்குத்தான் மேடம். பெரிய பூவா இருந்தா தெரியும். பொடிசு எல்லாம் கண்ணாடி போட்டாலும் தெரியறதில்லை."

அட கடவுளே, என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை. எல்லாம் விளங்கிவிட்டது. பார்வை மங்கிய ஒரு மனிதர், ஏழு தலைமுறைகளாகப் பெரிய பூவாகப் பார்த்துத் தொட்டிருக்கிறார். தொடப்பட்ட பூ நிறைய விதைத்தது, தொடப்படாதது பின்தங்கியது. பரம்பரையில் ஒளிந்திருந்த அதிசயம் எதுவும் இல்லை. தனியாக நின்று தலை நிமிர்ந்த பூவும் இல்லை. தேனீ செய்கிற வேலையை ஒருவர் செய்திருக்கிறார், தேனீ வருகிற பூ எப்படி இருக்குமோ அப்படி அது இருந்திருக்கிறது. அவ்வளவுதான் அவளுடைய கண்டுபிடிப்பு.

"சாவியைக் கொடுங்க" என்றாள்.

அவர் சாவியைக் கொடுத்தார். குழாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனார்.

துறைத் தலைவரிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அவளைவிடப் பத்து வயது இளையவர், கெட்டவர் இல்லை, எல்லாம் சுமுகமாக முடிய வேண்டும் என்று நினைக்கிறவர். முழுக்கக் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"மேடம், அவங்க என்ன கேட்டிருக்காங்க? எதுவும் வரலைங்கிறது நிச்சயமான்னுதானே? பூச்சி எதுவும் வரலைன்னு எழுதுங்க. அது உண்மைதானே?"

"பரிசோதனை முடிவு வேற சொல்லுதே."

"அதை யார் அனுப்பச் சொன்னா? வலை பரிசோதிக்கப்பட்டது, ஓட்டை இல்லை, பூச்சி இல்லை. மூணு வரி. ஒரு பொய்கூட கிடையாது." குரலைத் தாழ்த்தினார். "நீங்க உள்ளதை எழுதினா, யார் அதுன்னு மேலிடத்துல கேப்பாங்க. அந்த ஆளுக்கு வேலை போகும். பாவம், அதையும் யோசிச்சுப் பாருங்க."

யோசித்தாள். வீட்டில், அட்டைப்பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து யோசித்தாள். அவர் சொன்னதில் தப்பில்லைதானே? அந்த மனிதருக்கும் நல்லது, அவளுக்கும் நல்லது. இவ்வளவு வருஷம் பட்ட பாட்டுக்கு ஒரு பலன் வேண்டாமா? கணினியைத் திறந்து, வலை பரிசோதிக்கப்பட்டது என்று எழுதினாள். ஓட்டை இல்லை என்று எழுதினாள். ஆறாம் கூண்டுக்குள் பூக்களைத் தேடி யாரும் வரவில்லை என்று எழுதினாள். பூச்சி எதுவும் என்று எழுத நினைத்து, கை பழக்கத்தில் யாரும் என்று எழுதிவிட்டது.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த வாக்கியம் உண்மையாக வேண்டுமென்றால், மூக்குக்கண்ணாடியோடு தினமும் காலையில் வந்த ஒரு மனிதர் ஆளே இல்லை என்றாக வேண்டும். யோசித்துப் பார்த்தால், அவள் பதினான்கு வருஷமாக அதைத்தான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். மாணவர்களுக்கு விளக்கினாள், கருத்தரங்குகளில் முன்பின் தெரியாதவர்களுக்கு விளக்கினாள். தினமும் அந்தக் கூண்டுகளுக்குள் போய்வருகிறவரிடம் இது என்ன, எதற்கு என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொன்னதில்லை. தன்னைத் தேடி யாரும் வரவில்லை என்று அவள் அழுதபோதுகூட ஒருவர் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். அவமானமாக இருந்தது. உடம்பெல்லாம் கூசியது.

மூன்று வரிகளையும் அழித்தாள். புதிதாக எழுதினாள். ஆறாம் கூண்டில் ஏழு ஆண்டுகளாகக் கையால் மகரந்தச் சேர்க்கை நடந்திருக்கிறது. பெரிய பூக்களே தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. கூண்டுகளைப் பராமரித்தவரிடம் ஆராய்ச்சியின் நோக்கத்தை நான் ஒருபோதும் தெரிவிக்கவில்லை, ஆகவே பிழை முழுக்க என்னுடையது. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இதன் ஒரு பிரதியைத் துறைத் தலைவருக்கும் அனுப்பினாள், பிழை என்னுடையது என்ற இடத்தைத் தடித்த எழுத்தாக்கி. அனுப்பிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து, மறுபடியும் அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை. அடைத்த கூண்டுகளில் மீதி மூன்று இருக்கின்றன. அவற்றை வைத்து, பல பேர் ஏற்கெனவே சொல்லிவிட்ட ஒன்றை அவளும் ஒருமுறை சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் சொன்னாள். "போனா போகுதுடி, அடுத்ததை எழுது" என்றாள் அக்கா. அடுத்தது கிடையாது என்று இவள் சொல்லவில்லை. அக்கா பேரனுக்குப் பல் முளைத்த கதையை ஆரம்பித்தாள். இவள் ம் கொட்டினாள்.

மறுநாள் தோட்டக்காரரைத் தேடிக்கொண்டு போனாள். அவர் தானாகவே முன்வாசல் பக்கம் வேலையை மாற்றிக்கொண்டு, வேலிச்செடிகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். இவள் பாத்தியின் சிமெண்டு விளிம்பில் உட்கார்ந்தாள்.

"உட்காருங்க" என்றாள். "உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. எழுதிக் கொடுத்துட்டேன். இப்ப நான் ஒண்ணு சொல்லணும், கொஞ்சம் நேரம் ஆகும். பரவாயில்லையா?"

அவர் தயங்கி, இரண்டடி தள்ளி உட்கார்ந்தார்.

அவள் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். பொடிச்சியை முதலில் எங்கே பிடுங்கிக்கொண்டு வந்தாள் என்பதிலிருந்து, எட்டுக் கூண்டு எதற்கு, ஜன்னல் எதற்கு, அடைத்தது எதற்கு என்று வரிசையாகச் சொன்னாள். அவர் நடுநடுவே கேள்வி கேட்டார். நல்ல கேள்விகளாக இருந்தன. வகுப்பில் ஒருவரும் இப்படிக் கேட்பதில்லை. பெரிய பூவாகப் பார்த்துத் தொட்டதால் என்ன ஆயிற்று என்று சொன்னபோது, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, உடனே மன்னிப்பும் கேட்டார். அவளுக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

"அப்போ அடைச்ச மத்த மூணு கூண்டுல இருக்கிறது எல்லாம் நிஜமாவே தனியா இருந்ததுங்க" என்றார்.

"ஆமா."

"பன்னிரண்டுலேர்ந்து ஏழுக்கு வந்துடுச்சு. தேனும் இல்ல, வாசனையும் இல்ல."

"ஆமா. அதெல்லாம் வேண்டியதில்லைன்னு ஆயிடுச்சு. தானே விதை கட்டிக்குது, தானே முளைக்குது. அதுக்கு ஒரு குறையும் இல்லை."

அவர் கத்தரியை எடுத்து, அதில் ஒட்டியிருந்த இலையைத் துடைத்தார். "கஷ்டமா இருக்காதா மேடம்?"

"பூவுக்கு அதெல்லாம் தெரியாதுங்க."

"நான் பூவைக் கேக்கலை மேடம்."

வாசலில் வண்டிகள் வந்துபோய்க்கொண்டிருந்தன. கணக்குதான் உண்டு என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை.

"இருக்குங்க" என்றாள். "ரொம்பக் கஷ்டமாத்தான் இருக்கு."